பின்விளக்குக்கு ஒரு பிடிமானம்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ஏவுதளத்திலிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அத்தொடக்கக் காலத்தில் ராக்கெட் உறுப்புகள் சைக்கிளிலும் கொண்டுசெல்லப்பட்டன. கூம்பு முனையைக் கேரியரில் வைத்துத் தள்ளிச்செல்லும் புகைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். நாள்தோறும் சைக்கிளில் செல்வோருக்கு அதில் ஒரு சிறு பாடம் உண்டு: கேரியரில் சுமை ஏறினால் இருக்கையின் பின்புறம் மறைந்துவிடும்.

கடைகளில் கிடைக்கும் பின்விளக்குகளில் பல, இருக்கைத் தண்டில் வாரால் கட்டுவதற்கென அமைந்தவை. காய்கறிப் பையோ மழைக்கோட்டின் ஓரமோ குறுக்கிட்டால், விளக்கு எரிந்தும் பின்னால் வருபவருக்குத் தெரியாது. மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் விநாடிக்கு 15 மீட்டர் கடக்கிறது. 30 மீட்டரைக் கடக்க அதற்கு 2 விநாடியும், 150 மீட்டரைக் கடக்க 10 விநாடியும் ஆகும். தொலைவிலேயே நாம் தென்பட்டால்தான் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க நேரம் கிடைக்கும். ஆகவே, விளக்குக்குரிய இடம் சுமைக்கும் பின்னால், கேரியரின் கடைசி ஓரமே.

தேவையானவை

25 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள அலுமினியப் பட்டை. இருக்கைத் தண்டின் பருமனுள்ள 10 செ.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு, கேரியர் கம்பிக்கேற்ற யூ வடிவக் கிளாம்ப் இரண்டு, துருப்பிடிக்காத எஃகினாலான 5 மி.மீ. போல்ட்டுகளும் நைலான் வளையமுள்ள நட்டுகளும். பழைய டியூப்பின் ரப்பர்.

செய்முறை

முதலில் கேரியரின் கடைசி இரு குறுக்குக் கம்பிகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கிறோம். பட்டையின் படுக்கைப் பகுதி அவ்விரண்டையும் எட்ட வேண்டும். ஒரே கம்பியில் பிடித்தால் பட்டை குலுங்கிச் சுழலும்; விளக்கு தரையையோ வானத்தையோ நோக்கும். இரு கம்பிகளிலும் பிடித்தால் அசையாது.

அடுத்து, பட்டையின் முனையில் 5 செ.மீ. விட்டு, அதைக் கீழ்நோக்கி வளைக்கிறோம். உருண்டைக் கம்பியொன்றின் மேல் வைத்து, மெதுவாக ஒரே முறை வளைக்க வேண்டும். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி வளைத்தால் அலுமினியம் அவ்விடத்தில் வெடித்துவிடும்.

குழாய்த் துண்டின் மேற்பாதியைப் பட்டையின் தொங்கும் பகுதியில் இரு போல்ட்டுகளால் பொருத்துகிறோம். பட்டைக்குக் கீழே நீளும் மறுபாதியில் விளக்கின் வாரைக் கட்டலாம். கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே ரப்பரை வைத்துக் கிளாம்ப்பை முடுக்கினால் அதிர்வு குறையும், பிடியும் வழுக்காது. மட்கார்டுக்கும் விளக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.

சோதித்தல்

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் கடற்காற்றின் உப்பும் சேரும் திருவனந்தபுரம் போன்ற ஊரில் சாதாரண இரும்புத் திருகுகள் விரைவில் துருவேறும். ஆகவே, மாதம் ஒருமுறை நட்டுகளையும் வாரையும் சரிபார்த்தல் நன்று. சிவப்புப் பிரதிபலிப்பானையும் கழற்றாமல் வைத்திருப்போம். மின்கலம் தீர்ந்த இரவில் துணைநிற்பது அதுவே.

இறுதியாக, வழக்கமான சுமையைக் கேரியரில் ஏற்றி, மாலை இருட்டில் சைக்கிளை வாசலில் நிறுத்தி, நூறு அடி பின்னால் சென்று திரும்பிப் பார்ப்போம். விளக்கு முழுமையாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால், சாலையில் இறங்குவதற்கு முன்பே குறையைக் கண்டுகொண்டோம் என்று மகிழ்ந்து, பிடிமானத்தை மாற்றி அமைப்போம்.