தாய்லாந்துப் பிள்ளைகளும் ஆங்கிலமும்

தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் பகுதியில், ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்தப் பிள்ளைகளும் எழுந்து ராகம் போட்டு 'குட் மார்னிங் டீச்சர்' சொல்வார்கள். 'ஹவ் ஆர் யூ?' என்றால் 'ஐயம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?' என்று ஒரே குரலில் பதில் வரும். அதே கேள்வியை ஒரு பிள்ளையிடம் தனியாகக் கேட்டால் தலை குனிந்துகொள்ளும்.

சோம்பல் என்று இதைச் சொல்பவர்களை என்னால் ஏற்க முடியாது. முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படிக்கிறார்கள். ஆனால் வகுப்பில் 40 பேருக்கு மேல். எனக்குக் கிடைப்பது வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட். 'ஓ-நெட்' என்ற தேசியத் தேர்வோ விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. அதில் வாய் திறந்து பேச வேண்டியதில்லை. எல்லார் முன்னாலும் தப்பாகப் பேசினால் மானம் போய்விடும் என்ற பயம் வேறு. அதனால் யாரையும் திடுதிப்பென்று எழுப்பிக் கேட்பதில்லை. முதலில் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டிரண்டு பேராகப் பேசுவார்கள். நான் பெஞ்சுக்குப் பெஞ்சு நடந்து காது கொடுப்பேன். தனியாகப் பேச அவர்களே கை தூக்கும்வரை காத்திருப்பேன்.

அடுத்தது உச்சரிப்பு. தாய்லாந்தின் 'தாய்' மொழியில் ஒரு சொல்லின் கடைசியில் வரக்கூடிய மெய்யொலிகள் மொத்தம் 8தான். அதில் 'ஸ்', 'ஃப்', 'ல்' கிடையாது. எனவே 'பஸ்' அவர்கள் வாயில் 'பட்' ஆகும். 'ஃபுட்பால்' கடைசியில் 'ன்' ஒலியோடு முடியும். நூறு முறை திரும்பச் சொல்ல வைத்தாலும் பெரிய பலன் இருக்காது. ஆனால் இதே ஒலிகள் சொல்லின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் 'பஸ்' என்று தனியாகச் சொல்லித்தராமல், 'பஸ் இன்' என்பதைப் 'ப-சின்' என்று அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்ல வைக்கிறேன். வராத ஒலி அடுத்த அசையின் தொடக்கமாகிவிடுவதால் சுலபமாக வருகிறது. கொஞ்ச நாளில் பின்னால் ஒட்டிய சொல்லை எடுத்துவிடலாம்.

இலக்கணத்தில் பொறுமை வேண்டும். தாய் மொழியில் காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறுவதில்லை, பன்மைக்கு விகுதியும் இல்லை. 'யெஸ்டர்டே ஐ கோ' என்றால் பிள்ளை சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டது. அந்த இடத்திலேயே குறுக்கே விழுந்து திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது.

கூடவே ஆங்கிலம் நடத்தும் தாய்லாந்து ஆசிரியர்களை மதியுங்கள். காலையில் கேட் டியூட்டி, கொடியேற்றம், வகுப்புப் பொறுப்பு, கட்டுக்கட்டாகப் பள்ளி வேலை என்று அவர்கள் சுமப்பது அதிகம். அவர்கள் உச்சரிப்பைப் பிள்ளைகள் முன்னால் திருத்தவே கூடாது. அந்த வாரம் அவர்கள் என்ன பாடம் நடத்துகிறார்கள் என்று கேட்டு, அதையே பேச்சுப் பயிற்சியாக மாற்றிக்கொண்டால் இரண்டு வகுப்புக்கும் பலன்.

இங்கே வேலைக்கு வர நினைப்பவர்கள் விசா, வேலை அனுமதி, 'குருசபா' என்னும் ஆசிரியர் மன்றத்தின் உரிமம் என்று காகிதங்களைத் தேடி அலைவீர்கள். அதோடு தாய் எழுத்துகளையும் படித்துவிட்டு வாருங்கள். மெய்யெழுத்துகள் 44 என்று மலைக்க வேண்டாம். பல்லவ எழுத்திலிருந்து கெமர் வழியாக வந்த எழுத்து அது. க, ச, த, ப என்ற நம் வரிசை அதிலும் உண்டு. பிள்ளைகளின் நாக்கு எங்கே தடுக்குகிறது என்பது அந்த எழுத்தைப் படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்துவிடும்.