பழைய போர் ஜீப்பைப் புதுப்பித்தல்: உழவருக்குப் பயன்படும் பாடம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ், ஃபோர்டு என்ற அமெரிக்க நிறுவனங்கள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ ஜீப்புகளைத் தயாரித்தன. போர் முடிந்தபின் மிஞ்சியவற்றில் பல விற்பனைக்கு வந்து, பண்ணை வேலைக்கும் சென்றன. இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இவற்றைத் தேடி வாங்கிப் பொழுதுபோக்காகப் புதுப்பிப்போர் பலர் உள்ளனர். அவர்கள் கையாளும் முறைகள், பழைய டிராக்டரும் டிரெய்லரும் வைத்துள்ள நம் உழவர்களுக்கும் உதவும்.

சக்கரம்

போர் ஜீப்பின் ரிம் இரு பாதிகளாகச் செய்யப்பட்டு, போல்ட்டுகளால் இணைக்கப்பட்டது. டயரில் காற்று இருக்கும்போது இந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துச் சிதறி உயிரைப் பறிக்கும். முதலில் வால்வைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும். இருபாகம் கொண்ட எந்த ரிம்முக்கும் இவ்விதி பொருந்தும்.

பிரேக்

வண்டி ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும். ஆகவே என்ஜினுக்கு முன்பே பிரேக்கைச் சீர்செய்வது நல்லது. இந்த ஜீப்பில் 4 சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பிரேக் சுற்றுதான். ஒரு குழாய் உடைந்தாலும் கால் பிரேக் முழுவதும் போய்விடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுவதால் இரும்புக் குழாய் உட்புறம் துருப்பிடிக்கும். எனவே குழாய்களையும் ரப்பர் பாகங்களையும் புதிதாக மாற்றுகின்றனர். சிலர் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் பொருத்துகின்றனர். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

என்ஜின்

நெடுநாள் நின்ற என்ஜினைச் செல்ஃப் போட்டுச் சுழற்றலாகாது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கவும்.

6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்

36 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுக்கும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். மின்னோட்டம் பாதியாவதால் ஒயரில் இழப்பு குறையும். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் பல்புகளும் காயிலும் கருகும். பல்பு, காயில், டைனமோ, ரெகுலேட்டர் அனைத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய செல்ஃப் மோட்டாரைப் பலர் அப்படியே விடுகின்றனர். அதைச் சில விநாடிகளுக்கு மேல் இயக்கக்கூடாது. நொறுங்கிய துணியுறை ஒயரை அகற்றிப் புது ஒயரும் பியூசும் போடவும். பழைய இங்கிலாந்து டிராக்டர்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும். முனை பார்க்காமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் அதிலுள்ள டையோடுகள் கெட்டுவிடும்.

மீட்டர்கள்

பழைய இராணுவ மீட்டர்கள் சிலவற்றில் இருளில் ஒளிர ரேடியம் பூசப்பட்டது. ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு நீடிக்கும். அது பாதியாகவே 1600 ஆண்டுகள் ஆகும். அத்தகைய மீட்டரைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம்.

பெயிண்ட் கடைசி வேலை. பழைய வண்டியை விலை பேசும்போதும் பளபளப்பைப் பார்க்காமல் ரிம், பிரேக், ஒயர் இவற்றை முதலில் பாருங்கள்.