மகனுக்கு 18 வயது ஆனது

18 வயது ஆனால் ஓட்டுரிமை வருகிறது. சட்டத்தின் முன் அவர் பெரியவர். தன் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கலாம். மனுவில் தானே கையெழுத்துப் போடலாம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். பெற்றவர்களின் கண்ணுக்கு அந்தப் பிள்ளை என்றும் குழந்தைதான். ஆனால் அரசாங்க ஏட்டில் குழந்தை இல்லை. படிக்கிற பிள்ளைக்கு என்று கிடைத்த உதவி நின்றுவிடும். பெரியவருக்கு உரிய உதவி தானாக வராது. கேட்டால்தான் வரும்.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. பழைய உதவி போய்விட்டது. புதிய உதவி இருப்பதே தெரியவில்லை. அந்தக் குடும்பங்கள் என்ன செய்ய வேண்டும்? பார்ப்போம்.

நின்றுபோன பணம்

ஒரு கிராமத்தில் ஒரு தாய் இருந்தார். கணவர் இறந்துவிட்டார். கூலி வேலைதான் பிழைப்பு. ஒரே மகன். அவனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடக்க முடியாது. பேச்சும் தெளிவாக வராது. அறிவு வளர்ச்சியும் குறைவு. ஆனால் ஆட்களை நன்றாகத் தெரியும். வேண்டும், வேண்டாம் என்பதைக் கையால் சொல்லிவிடுவான்.

அவன் 9ஆம் வகுப்பிலும் 10ஆம் வகுப்பிலும் படித்தபோது கல்வி உதவித்தொகை வந்தது. பிறகு படிப்பு நின்றது. பணமும் நின்றது. மகனுக்கு 18 வயதும் ஆயிற்று. அந்தத் தாய் கற்போர் மையத்துக்கு வந்து கேட்டார்.

“டீச்சர், என் பிள்ளைக்கு வந்த பணத்தை நிறுத்திட்டாங்க. அவன் கால் சரியாயிடுச்சா என்ன?”

“அது படிப்புக்குத் தந்த பணம் அக்கா. படிப்பு முடிஞ்சதும் நின்னுடும். இப்போ தம்பிக்கு 18 வயசு ஆயிடுச்சு இல்லையா? இனி ஓய்வூதியம் கேட்கலாம்.”

“வேலைக்கே போகாதவனுக்கு ஓய்வூதியமா?”

“ஆமா அக்கா. பேருதான் ஓய்வூதியம். வேலை செய்ய முடியாதவங்களுக்கு அரசு மாசாமாசம் தர்ற உதவி அது.”

எந்த ஓய்வூதியம்?

இந்தத் திட்டத்தின் பெயர் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளர் ஓய்வூதியத் திட்டம். மத்திய அரசு இதை 2009ஆம் ஆண்டு தொடங்கியது. இது இந்தியா முழுவதற்கும் உரியது.

யாருக்குக் கிடைக்கும்?

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

மத்திய அரசு தருவது மாதம் 300 ரூபாய். 80 வயது ஆனவருக்கு 500 ரூபாய். பல மாநில அரசுகள் இதனுடன் தங்கள் பங்கையும் சேர்த்துத் தருகின்றன. ஆகவே மொத்தத் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

80 சதவீதம் இல்லையென்றால்? மனம் தளர வேண்டாம். மாநில அரசுகளின் தனித் திட்டங்கள் உள்ளன. 40 சதவீதம் இருந்தாலே சில மாநிலங்கள் உதவித்தொகை தருகின்றன. உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நகரத்தில் இருந்தால் நகராட்சியில் கேளுங்கள்.

முதலில் சான்றிதழ்

அந்தத் தாயிடம் ஒரு பழைய சான்றிதழ் இருந்தது. பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். மையத்தில் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி வரியில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதி வரைதான் சான்றிதழ் செல்லும். தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சிறு வயதில் தரும் சான்றிதழ் பல நேரம் தற்காலிகமானது. குழந்தை வளரும்போது குறைபாடு கூடலாம், குறையலாம். ஆகவே மருத்துவர்கள் மறுபடி பார்ப்பார்கள். இனி மாறாது என்று தெரிந்தால் நிரந்தரச் சான்றிதழ் தருவார்கள்.

இப்போது இதற்குக் கணினி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுச் சேவை மையத்தில் செய்து தருவார்கள். பிறகு குறித்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர்கள் சோதித்து எத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். சான்றிதழுடன் ஓர் அடையாள அட்டையும் கிடைக்கும். அதை யூடிஐடி அட்டை என்பார்கள். அது நாடு முழுவதும் செல்லும்.

மருத்துவமனைக்குப் போகும்போது பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையால் தானாகச் செய்ய முடியாத வேலைகளை ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தத் தாய்க்கு இதுதான் கடினமாக இருந்தது. மகன் எதிரிலேயே, “இவனால சாப்பிட முடியாது, குளிக்க முடியாது” என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் வெட்கப்பட்டு மறைத்தால் சதவீதம் குறையலாம். பொய் சொல்ல வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும்.

சதவீதம் தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்த உரிமையைத் தருகிறது.

யார் பெயரில் கணக்கு?

ஓய்வூதியம் மகனுக்கு உரியது. அது மகனின் கணக்குக்கே வர வேண்டும். இதை அறிந்ததும் தாயின் அண்ணன் ஒரு யோசனை சொன்னார்.

“தங்கச்சி, அவனுக்கு எதுக்குத் தனிக் கணக்கு? அவனுக்கு என்ன தெரியும்? என் கணக்குக்கு வரட்டும். நானே மாசாமாசம் கொண்டாந்து தர்றேன்.”

“கோவிச்சுக்காதீங்க அண்ணே. அது அவன் பணம். அவன் பேருலயே இருக்கட்டும்.”

தாய் சொன்னது சரி. அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாளை அவர் இல்லாவிட்டால்? அவர் வீட்டில் கடன் வந்தால்? பிள்ளையின் பெயரில் உள்ள பணத்துக்குத்தான் பாதுகாப்பு உண்டு.

காலில் குறைபாடு உள்ளவருக்கும் கண் தெரியாதவருக்கும் காப்பாளர் தேவையில்லை. கையெழுத்தோ கைரேகையோ வைத்துத் தங்கள் கணக்கைத் தாங்களே நடத்தலாம். அது அவர்கள் உரிமை.

பணக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவருக்கு என்ன வழி? 18 வயதுக்குப் பின் பெற்றவர்கள் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். இது பலருக்குத் தெரியாது. இதற்காகவே தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999ஆம் ஆண்டு வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல வகைக் குறைபாடு ஆகிய நான்கும் இதில் அடங்கும்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் உள்ளூர்க் குழு உண்டு. அதில் மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி இருப்பார். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் ஆள் ஒருவர் இருப்பார். மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார். அந்தக் குழுவிடம் மனுக் கொடுத்துப் பெற்றவரே காப்பாளர் ஆகலாம். உறவினரும் ஆகலாம். இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

காப்பாளர் என்றால் சொந்தக்காரர் இல்லை. அவர் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 6 மாதத்துக்குள் சொத்து விவரம் தர வேண்டும். பிறகு ஆண்டுதோறும் வரவு செலவு தர வேண்டும். பிள்ளையை ஏமாற்றினால் அவரைக் குழு நீக்கலாம்.

இந்தத் தாய் மனுக் கொடுத்தார். காப்பாளர் சான்று பெற்றார். வங்கியில் மகன் பெயரில் கணக்குத் தொடங்கினார். காப்பாளர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அது மையத்தில் கற்ற கையெழுத்து.

மனுவும் அலைச்சலும்

ஓய்வூதிய மனுவுடன் என்ன வைக்க வேண்டும்? மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், வயதுச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். மூலத்தைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதில் தேதி இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாயின் மனு திரும்பி வந்தது. ஆதாரில் மகன் பெயர் ஒரு மாதிரி இருந்தது. சான்றிதழில் வேறு மாதிரி இருந்தது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காக இரண்டு நாள் கூலியை விட்டு அலைந்தார். ஆகவே மனுக் கொடுக்கும் முன்பே எல்லாத் தாளிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளதா என்று படித்துப் பாருங்கள். ஆதாரில் 15 வயதில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். அது செய்யப்பட்டதா என்றும் பாருங்கள்.

மனு தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதிலே வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. என் மனு எந்த நிலையில் உள்ளது என்று எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. கிராம சபைக் கூட்டத்திலும் எழுந்து கேட்கலாம்.

இடைத்தரகரிடம் பணம் கொடுக்க வேண்டாம். இது யாரும் போடும் பிச்சை இல்லை. உரிமை.

பணம் வந்த பிறகு

அந்தத் தாயின் மகனுக்குப் பணம் வரத் தொடங்கியது. பெரிய தொகை இல்லை. அதை வைத்து ஒருவர் பிழைக்க முடியாது. ஆனாலும் அது அவன் பணம். என்ன வாங்கலாம் என்று தாய் அவனிடமே கேட்டார். அவன் சந்தையில் ஒரு பச்சைச் சட்டையைக் கைகாட்டினான். அதையே வாங்கினார்கள். மீதி மருந்துக்கு ஆனது.

பேச முடியாதவரிடமும் கேட்க வேண்டும். பணம் யாருடையதோ அவர் விருப்பத்துக்கு இடம் தர வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை பயனாளி உயிருடன் இருக்கிறாரா என்று சரிபார்ப்பார்கள். அதை விட்டுவிட்டால் பணம் நிற்கலாம். தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு. மேலே சொன்ன நான்கு வகைக் குறைபாடு உள்ளவர்கள் அதில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும்.

எனக்குப் பிறகு யார்?

மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பெற்ற எல்லாருக்கும் இந்தக் கவலை உண்டு. இரவில் தூக்கம் வராது. இதற்கும் சில ஏற்பாடுகள் செய்யலாம்.

தாயோ தந்தையோ மத்திய அரசு ஊழியரா? ரயில்வே ஊழியரா? அவர்கள் காலத்துக்குப் பின், சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். 25 வயது என்ற வரம்பு அவருக்கு இல்லை. பிள்ளையின் பெயரை இப்போதே அலுவலகத்தில் பதிந்து வையுங்கள். ஆலையில் வேலை செய்து பி.எஃப். ஓய்வூதியத்தில் சேர்ந்தவர்களுக்கும் இது போன்ற விதி உண்டு. முழுமையான, நிரந்தரக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு வயது வரம்பு இல்லாமல் ஓய்வூதியம் தருவார்கள்.

கூலி வேலை செய்பவர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த காப்பாளர் யார் என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். தாள்கள் எங்கே உள்ளன என்று அவருக்குக் காட்டுங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எந்த மருந்து எப்போது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரிந்த கை அதற்கு உதவும்.

நினைவில் வைப்போம்

18 வயது ஆகும் முன்பே தயாராக வேண்டும்.
சான்றிதழின் கடைசித் தேதியைப் பார்க்க வேண்டும்.
கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும்.
ஒப்புகைச் சீட்டு இல்லாமல் மனுக் கொடுக்கக் கூடாது.

கேள்விகள்

1. அந்தத் தாயின் மகனுக்குக் கல்வி உதவித்தொகை ஏன் நின்றது?
2. மத்திய அரசின் ஓய்வூதியம் பெற எத்தனை சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும்?
3. அண்ணன் சொன்ன யோசனையைத் தாய் ஏன் ஏற்கவில்லை?
4. காப்பாளர் செய்ய வேண்டிய கடமைகள் என்ன?

செய்து பார்ப்போம்

உங்கள் தெருவில் 18 வயது நிறையப் போகும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை யாராவது உண்டா? அந்த வீட்டுக்குப் போய் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர்களின் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.