படிக்காசும் பருக்கைக்கல்லும்
(சைவசமய பாடம் கற்பிக்கும் உபாத்தியாயர்களுக்கு)

"இறைவன் தருவான்" என்னும் வாக்கியம் சொல்லுதற்கு மிக எளிது. விளக்குதற்கு மிக அரிது. வயிறு நிரம்பியவன் தனக்குத் தானே அதனைச் சொல்லுவானாயின், அது சோம்பலுக்குத் துணையாகும். பசித்திருப்பவனை நோக்கி அதனைச் சொல்லுவானாயின், அது ஏளனமாய் முடியும். ஆதலினால், இவ்வாக்கியத்தை மாணாக்கருக்குக் கற்பிக்கப் புகும் உபாத்தியாயர் முன்னரே அதன் பொருளைத் தம்முள்ளே நன்றாக ஆராய்ந்து தெளிந்துகொள்ளல் வேண்டும். அவ்வாராய்ச்சிக்கு உதவியாகப் பெரியபுராணத்தினின்றும் இரண்டு சரித்திரப் பகுதிகளை இங்கே எடுத்துக்கொள்வாம். இரண்டும் திருநாவுக்கரசு நாயனாரைப் பற்றியன. ஒன்றிலே அவர் பொருளை ஏற்றுக்கொண்டார். மற்றொன்றிலே பொருளை வீசியெறிந்தார். ஒருவரே இவ்வாறு இருவகையாய் நடந்தது என்னை என்னும் வினாவே இப்பாடத்தின் உயிர்நிலையாம்.

1. பொருள் யாருடையது?

கதைக்குப் புகுமுன் சித்தாந்தத்தைச் சிறிது நினைவு கூருதல் நன்று. உயிர்க்கு உடம்பும், கருவிகளும், உலகமும், அநுபவிக்கப்படும் பொருள்களுமாகிய தநு கரண புவன போகங்கள் நான்கும் மாயையினின்றும் இறைவனாலே தோற்றுவித்துக் கொடுக்கப்படுவன. அவை கொடுக்கப்படுதல் உயிர் தன் வினையை அநுபவித்துத் தொலைத்து மலபரிபாகம் எய்தற்பொருட்டேயாம். எனவே, நாம் நம்முடையன என்று எண்ணியிருக்கும் காணியும், வீடும், நகையும், நாணயமும் நம்மாலே படைக்கப்பட்டனவும் அல்ல. நம்முடன் வருவனவும் அல்ல. ஒருவன் ஆற்றைக் கடத்தற்கு ஓடத்தைப் பெற்று, கரையேறிய பின்னரும் அதனைத் தலைமேற் சுமந்துகொண்டு திரிவானாயின், அவனைப் பார்த்து யாவரும் நகைப்பர். கருவியைக் கருவியென்று அறியாமையே அங்கே குற்றம்.

இங்கே உபாத்தியாயர் வற்புறுத்தற்பாலது ஒன்றுண்டு. சைவசமயம் பொருளை இகழவில்லை. பொருளின்மேல் உயிர் வைக்கும் "எனது" என்னும் பற்றினையே இகழ்ந்தது. "யான்" என்பது அகப்பற்று. "எனது" என்பது புறப்பற்று. பொருள் கையிலிருத்தல் வேறு. கை பொருளினிடத்தே கட்டுண்டிருத்தல் வேறு. இவ்வேற்றுமையை மாணாக்கர் அறியாராயின், வறுமையே புண்ணியமென்றும் செல்வமே பாவமென்றும் பிழைபட உணர்வர். அறுபத்துமூவருள்ளே அரசரும் இருந்தனர், வணிகரும் இருந்தனர், ஒருவேளை உணவுக்கும் இல்லாதவரும் இருந்தனர்.

2. திருவீழிமிழலை

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் சோழநாட்டுத் திருவீழிமிழலையிலே எழுந்தருளியிருந்த காலத்திலே, மழை பொய்த்து வற்கடம் வந்தது. உயிர்கள் பசியால் வருந்தின. அடியார்கள் துன்பமெய்துவது கண்டு நாயன்மார் இருவரும் திருவுளம் நைந்தனர். அன்றிரவு சிவபெருமான் அவர்களுக்குக் கனவிலே தோன்றி, கால வேறுபாட்டினாலே நீங்கள் மனம் வாடுகின்றவர்கள் அல்லீராயினும், உங்களை அடைந்த அடியார்களின் பொருட்டு நாடோறும் ஒவ்வொரு காசு தருவோம் என்று அருளிச்செய்தார். மறுநாள் தொடங்கி, ஆலயத்தின் கீழைப்பீடத்திலே சம்பந்தருக்கும் மேலைப்பீடத்திலே அப்பருக்கும் ஒவ்வொரு பொற்காசு இருந்தது. இருவரும் அவற்றைக்கொண்டு தத்தம் திருமடங்களிலே அடியார்களுக்கு அமுதளித்தனர். பின்பு மழை பெய்து நாடு செழிக்குமளவும் அத்திருப்பணி நடந்தது.

இக்கதையிலே மாணாக்கர் கவனித்தற்குரியன நான்கு.

முதலாவது, காசு கேட்டவருக்காகக் கொடுக்கப்பட்டதன்று. நாயன்மார் தமக்கென ஒன்றும் கேட்டிலர். பிறர் பசி கண்டு வருந்தினர். அவ்வருத்தத்துக்கு விடையாகவே காசு வந்தது.

இரண்டாவது, வந்தது புதையலன்று, படிக்காசு. அன்றாடச் செலவுக்கு அன்றாடம் வந்தது. ஓராண்டுக்கு வேண்டுவதை ஒரே நாளிற் கொடுத்தல் இறைவனுக்கு அரிதோ? அரிதன்று. ஆயினும், நாடோறும் பீடத்தை நோக்கிச் செல்லுதலிலே, நாடோறும் அவனையே சார்ந்திருக்கும் பயிற்சியுண்டு. பெட்டி நிறைந்திருப்பின் நம்பிக்கை பெட்டியின்மேற் போய்விடும்.

மூன்றாவது, காசு சோறாய் வரவில்லை, காசாகவே வந்தது. அதனைக் கடைவீதிக்குக் கொண்டுசெல்லவும், பண்டங்கள் வாங்கவும், உலையேற்றவும், பரிமாறவும் மனிதர் வேண்டியிருந்தனர். இறைவன் தருவான் என்பதற்கு, நாம் கைகட்டியிருப்போம் என்பது பொருளன்று என்பது இதனாற் பெறப்படும்.

நான்காவது மிக நுட்பமானது. அப்பர் திருமடத்திலே அடியார்கள் காலத்தில் உண்டார்கள். சம்பந்தர் திருமடத்திலே அமுது தாழ்த்தது. காரணம் விசாரித்தபோது, சம்பந்தர் பெற்ற காசைக் கடைக்காரர் வாசி, அதாவது வட்டம், கழித்தே ஏற்றுக்கொள்ளுகின்றனர் என்றும், அப்பர் பெற்ற காசுக்கு அவ்வாறு கழிவு இல்லை என்றும் தெரியவந்தது. அப்பர் உழவாரப்படை ஏந்தி நாடோறும் கைத்தொண்டு செய்பவராதலின் அவருக்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்று சம்பந்தரே உணர்ந்தனர். பின்பு சம்பந்தர் இறைவனை வேண்டிப் பாடி, தாமும் வாசியில்லாக் காசு பெற்றனர். இறைவனை நம்பியிருந்தவர்களுள்ளும், கையினாற் பாடுபட்டவரது காசே முதலில் மாற்றுக் குறையாதிருந்தது. நம்பிக்கை உழைப்புக்குப் பகையென்று கருதுவோருக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேண்டுவதில்லை.

3. திருப்புகலூர்

இனி இரண்டாவது பகுதி. அப்பமூர்த்திகள் தம்முடைய திருத்தொண்டின் நிறைவுக் காலத்திலே திருப்புகலூரிலே உழவாரத் தொண்டு செய்துகொண்டிருந்தனர். அவரது பற்றற்ற நிலையை உலகறியச் செய்யத் திருவுளங்கொண்ட இறைவன், உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணிகளும் விளங்கும்படி செய்தார். நாயனாரோ திருமுன்றிலே கிடந்த பருக்கைக்கற்களுக்கும் அவற்றுக்கும் வேற்றுமை காணாராய், எல்லாவற்றையும் உழவாரத்திலே ஏந்திக் குளத்திலே எறிந்தார்.

மிழலையிலே ஒரு காசை நாடோறும் ஏற்றவர், புகலூரிலே குவியலை எறிந்தது ஏன்? அங்கே காசு பசித்தவர்களின் பொருட்டு வந்தது. அதனை மறுத்திருந்தால், அடியார்கள் பசித்திருப்பர். மறுத்தல் பற்றின்மையாகாது, செருக்கேயாகும். இங்கே பொன் ஒருவர் தேவையையும் முன்னிட்டு வரவில்லை. தொண்டு செய்யும் இடத்திலே அடியார் காலிலே தைக்குமென்று அகற்றப்படும் கல்லைப் போலவே அதுவும் கிடந்தது. ஆதலின் அகற்றப்பட்டது. இரண்டிடத்தும் நாயனார் செய்தது ஒன்றேயாம்: தம் திருத்தொண்டுக்கு வேண்டுவதை ஏற்றார், வேண்டாததை நீக்கினார். பொருளின் மிகுதியும் குறைவும் அவர் உள்ளத்தை இழுக்கவில்லை. பொன்னை எறிந்தபோது, "யான் பொன்னையும் துறந்தேன்" என்னும் எண்ணமும் அவரிடத்தில் இல்லை. எறிந்தது கல் என்றே இருந்தார். துறந்தேன் என்று எண்ணுபவன் இன்னும் துறந்தவனல்லன் என்பதை உயர்வகுப்பு மாணாக்கருக்கு இவ்விடத்தில் விளக்கலாம்.

4. ஐயம் நீக்குதல்

அற்றேல், "நம்பியிருந்தவர்களும் பசியால் வருந்துகின்றார்களே, இறைவன் அவர்களுக்குக் காசு வைத்திலனே" என்று மாணாக்கனொருவன் வினாவுவானாயின், உபாத்தியாயர் அவனை அதட்டி இருத்துதல் தகாது. இது நம் நாட்டிலே வெறும் புத்தக வினாவன்று. 1995-ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30-ஆந் திகதி வலிகாமத்துச் சனங்கள் இலட்சக்கணக்கானோர் தங்கள் வீடுவாசல்களை விட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இரவோடிரவாக நடந்தனர். பரம்பரையாகக் காத்த கல்வீடும், கிணறும், தோட்டமும் ஒரு பொழுதிலே பின்னே நின்றுவிட்டன. காணி உறுதியையும் தாலிக்கொடியையும் சீலைத்தலைப்பிலே முடிந்துகொண்டு நடந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் வகுப்பிலே இருப்பார்கள். அவர்களுக்கு நாம் என்ன விடை சொல்லுவோம்?

முதலிலே, நம்பிக்கை என்பது வியாபாரமன்று என்று சொல்லுவோம். குங்கிலியக்கலய நாயனார் திருக்கடவூரிலே வறுமை வந்த காலத்தும் குங்கிலியத் தொண்டை விட்டிலர். நெல் வாங்கும்படி மனைவியார் கொடுத்த தாலியையும் கொடுத்துக் குங்கிலியமே வாங்கினர். அன்று அவர் பிள்ளைகள் பசித்தே துயின்றனர். பின்பு இறைவன் அவர் மனையிலே செல்வத்தை நிறைத்தமை உண்மை. ஆயினும், செல்வம் வரும் என்று கணக்கிட்டு அவர் தாலியைக் கொடுத்திலர். கணக்கிட்டுக் கொடுத்திருந்தால் அது தொண்டன்று, வட்டிக்குக் கொடுத்தலேயாம். இக்கதையைச் சிறுவருக்குச் சொல்லும்போது, மனைவி மக்களைப் பட்டினியிடுதல் சைவமென்று அவர்கள் கொள்ளாதபடி, அது பேரன்பின் எல்லையிலே நின்றவர் செயல், நாம் கைக்கொள்ளற்பாலது அவர் அன்பின் உறுதியே என்று பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

அடுத்து, வினைப்பயனாக வரும் இன்பதுன்பங்கள் உடம்போடு கூடிய யாவர்க்கும் உண்டு என்று சொல்லுவோம். ஆயின், இதனைத் தன் துன்பத்தைப் பொறுத்தற்குரிய விளக்கமாகவே கொள்ளல் வேண்டும். பிறன் பசித்திருக்கக் கண்டு, "அது அவன் வினை" என்று கதவடைத்தற்குரிய காரணமாகக் கொள்ளலாகாது. பிறர் பசியை அவர் வினையென்று விட்டிருந்தால், மிழலையிலே நாயன்மார் இருவரும் வருந்தியிருக்க வேண்டுவதில்லை, படிக்காசும் வந்திராது.

இறுதியாக, மிழலைக் காசு எவ்வழியாலே பசித்தவர்களைச் சேர்ந்தது என்று மாணாக்கனையே திருப்பி வினாவுவோம். பீடத்தினின்றும் அடியார் கைக்கும், அடியார் கையினின்றும் பசித்தவர் இலைக்கும் அது சென்றது. 1995-ஆம் ஆண்டிலே தென்மராட்சியிலே முன்பின் அறியாதவர்களுக்கு வீடுகளும், பள்ளிக்கூடங்களும், கோயில் மண்டபங்களும் திறந்தன. திண்ணையிலே இடங்கொடுத்து, தம் உலையிலே இன்னுமொரு சுண்டு அரிசியை இட்டவர்கள் கையிலே இறைவன் படிக்காசை வைத்திருந்தான். அதனைத் தம்முடையதென்று மூடிக்கொள்ளாமையினாலே அது காசாயிற்று, மூடிக்கொண்டிருந்தால் பருக்கைக்கல்லாயிருக்கும். ஆகவே, "இறைவன் தருவான்" என்பதைப் பசித்தவனுக்குச் சொல்லுமுன், அவன் நம் கையிலே எதனை வைத்திருக்கின்றான் என்று பார்த்துக்கொள்ளல் நம் கடமையாம்.

5. உபாத்தியாயர் நிலை

மாணாக்கர் நம் சொல்லைப் பார்க்கிலும் நம் நடையையே மிகுதியாகக் கற்கின்றனர். காலையிலே பற்றின்மையைப் பாடமாகச் சொல்லி, மாலையிலே பணங்கொடுக்க இயலாத பிள்ளையைத் தனிவகுப்பினின்றும் எழுப்பி அனுப்புவோமாயின், அப்பிள்ளை எதனைக் கற்றுக்கொள்ளும்? புகலூர்ச் சரித்திரத்தைக் கண்ணீர் பெருகச் சொல்லி, மகனுக்குச் சீதனம் பேசுமிடத்திலே காணியையும் நகையையும் எண்ணியெண்ணிக் கேட்போமாயின், கேட்டிருப்போர் நம் கண்ணீரை என்னென்று மதிப்பர்?

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் பார்சிவல் பாதிரியாரிடத்திலே வேதனம் பெற்றுவந்த உத்தியோகத்தை விட்டு, 1848-ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தனர். நிலையான வருவாயை விட்டுச் சைவப்பிள்ளைகளின் கல்வியைக் கையேற்ற அச்செயலின் நிழலிலேயே நாம் இன்றும் நிற்கின்றோம். அவரைப் போல எல்லாவற்றையும் விடுதல் நம்மனோர்க்கு அரிது. வேதனம் பெறுதலும், குடும்பத்துக்கு வேண்டுவதைச் சேமித்தலும் குற்றமல்ல. அவற்றை விரல்கள் இறுகாத கையிலே வைத்திருத்தல் நம்மாலும் ஆகும்.

சிறுவகுப்பிலே இப்பாடத்தைப் பிடியரிசியிலிருந்து தொடங்கலாம். உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை முதலிலே எடுத்துத் தருமத்துக்கு வைத்தல் நம் முன்னோர் வழக்கம். அந்த ஒரு பிடியால் வீட்டிலே ஒருவரும் பசித்திலர். அதனைத் தனியே எடுத்துவைத்த பிள்ளை, எஞ்சிய அரிசியும் தன்னுடையதன்று என்பதைத் தன்னையறியாமலே கற்றுக்கொண்டது.

மாணாக்கரை வினாவுதற்குரியன

1. படிக்காசு நாடோறும் ஒவ்வொன்றாய் வந்தமையினால் விளைந்த நன்மை யாது?
2. அப்பர் பெற்ற காசுக்கு வாசியில்லாமைக்குக் காரணம் யாது?
3. மிழலையிலே காசை ஏற்றவர் புகலூரிலே பொன்னை எறிந்தது முரணாகுமா?
4. "அது அவன் வினை" என்பதை எவ்விடத்திற் சொல்லலாகாது?
5. இன்று உன் கையிலிருப்பனவற்றுள் படிக்காசு எது? பருக்கைக்கல் எது?

ஐந்தாம் வினாவுக்கு விடையை மாணாக்கனிடத்திலே கேட்டறிதல் வேண்டாம். அவனவன் தன்னுள்ளே சொல்லிக்கொள்க. உபாத்தியாயரும் அவ்வாறே சொல்லிக்கொள்க.

திருச்சிற்றம்பலம்.