பிணைப்பும் பண்பும்

அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், தமிழக வீதிகளில் ஓடிய ஹெர்குலிஸ் மிதிவண்டிகளின் பிறப்பிடம். எஃகுக் குழாய் செய்யும் ஆலை 1955இல் அருகிலுள்ள ஆவடியில் எழுந்தது. மிதிவண்டியின் சட்டம் எஃகுக் குழாயால் ஆனது. அச்சைச் சுற்றி உருளும் சிறு குண்டுகளும் எஃகே. இரண்டிலும் பெரும்பகுதி இரும்பு, உடன் சிறிது கார்பன். ஆயினும் குழாயை வளைக்கலாம். குண்டையோ அரத்தால் அராவவும் இயலாது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இரும்பின் அணுக்கள் உலோகப் பிணைப்பால் இணைந்தவை. ஒவ்வோர் அணுவும் தன் வெளிப்புற எலக்ட்ரான்கள் சிலவற்றைப் பொதுவில் விட்டுவிடுகிறது. ஊர்ப் பொதுக்குளம்போல அவை எல்லா அணுக்களுக்கும் உரியன. ஆதலால் ஓர் அணு அடுக்கு மற்றொன்றின்மீது நழுவினாலும் பிணைப்பு அறுவதில்லை. உலோகத்தைத் தகடாகத் தட்டலாம், கம்பியாக நீட்டலாம். உப்புக்கல்லில் இது நடவாது. அங்கே நேர், எதிர் மின்சுமை கொண்ட அயனிகள் மாறி மாறி அமைந்துள்ளன. அடுக்குச் சற்றே நகர்ந்தாலும் ஒத்த சுமைகள் எதிரெதிர் வந்து ஒன்றையொன்று விலக்கும், கல் நொறுங்கும்.

எஃகிலுள்ள கார்பன் அணு சிறியது. இரும்பு அணுக்களின் இடைவெளியில் புகுந்து அடுக்குகளின் நழுவலைத் தடுக்கிறது. குழாயில் கார்பன் வழக்கமாக ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே. குண்டில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. அளவு மட்டுமன்று, ஆறவைக்கும் முறையும் பண்பைத் தீர்மானிக்கிறது. தூய இரும்பின் படிக அமைப்பு 912 பாகை செல்சியசுக்கு மேல் மாறிவிடும். அப்புதிய அமைப்பில் கார்பனுக்குத் தாராளமாக இடமுண்டு. மெல்ல ஆறினால் கார்பன் பிரிந்து இரும்புக் கார்பைடாக ஒதுங்கும். எண்ணெயிலோ நீரிலோ சட்டென அமிழ்த்தினால் விலக நேரமின்றிச் சிக்கிக்கொள்ளும். படிகம் திரிந்து மிகக் கடினமாகும். கொல்லர் இதனைத் துவைச்சல் என்பர். (துவைத்தல் துணிக்கு மட்டும் உரிய சொல் அன்று.)

இவ்வாறு கடினமான எஃகு எளிதில் உடையும். எனவே அதனை மீண்டும் மிதமாகச் சூடேற்றுவர். கடினத்தில் சிறிதை இழந்து, உடையாத தன்மையைப் பெறுவர். ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. அத்தகைய வண்டியின் கவசத் தகடு மென்மையாயின் குண்டு துளைக்கும். அளவுமீறிக் கடினமாயின் தகடே பிளந்து சிதறும். இரண்டிலும் உள்ளிருப்போர் உயிருக்கே கேடு.

இனி மிதிவண்டியின் டயர். இயற்கை ரப்பர், கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீண்ட சங்கிலிகளால் ஆனது. சங்கிலிக்குள் உள்ள சகப்பிணைப்பு வலியது; சங்கிலிகளுக்கு இடையேயான ஈர்ப்போ மெலிது. ஆகவே பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே பாலமாகின்றன. இழுத்தால் நீளும், விட்டால் மீளும். டயருக்கு நூற்றில் சில பங்கு கந்தகம் போதும். முப்பது பங்களவு சேர்த்தால் பாலங்கள் நெருங்கி, நீளவே இடமில்லாத எபோனைட் கிடைக்கும். ஆவடிக்கு மேற்கேயுள்ள திருவள்ளூரில் அதனைக் கடைந்து மைப்பேனா செய்கின்றனர். பாடநூல்கள் வழக்கமாகக் காட்டும் வைரம், கிராஃபைட்டை விட இந்த டயரும் பேனாவுமே நல்ல சான்று என்பது என் கருத்து; இரண்டையும் கையில் எடுத்து வளைத்துப் பார்க்கலாம் அல்லவா?

டயருக்கு உழைப்பைத் தரும் அப்பாலமே அதன் முடிவில் இடராகிறது. பழைய எஃகுச் சட்டம் உலைக்குச் சென்று மீண்டும் எஃகாகும். டயரோ சூடேற்றினால் உருகாது, கருகும். எரித்தால் கரும்புகையும் கந்தக டை ஆக்சைடும் எழும். குவித்துவைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். சங்கிலியை விடுத்துப் பாலத்தை மட்டும் அறுக்கும் வழிகளை வேதியியலார் ஆராய்ந்து வருகின்றனர். கார்பனும் கார்பனும் சேர்ந்த பிணைப்பைவிடக் கந்தகமும் கந்தகமும் சேர்ந்த பிணைப்பு வலுக்குறைந்தது என்பதே அவர்களுக்குள்ள பிடிமானம்.