குலுக்கல் பரிசும் எழுதிய விதியும்

பண்டிகை வந்தால் கடையில் கூட்டம் வரும். கூட்டத்துக்கு முன்னே ஒரு தட்டி வரும்.

"துணி வாங்குங்கள்! குலுக்கலில் வெல்லுங்கள்! முதல் பரிசு மோட்டார் பைக்!"

பைக் படம் பெரிதாக இருக்கும். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்து இருக்கும். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று அதில் எழுதியிருக்கும்.

படத்தை மட்டும் பார்த்த காலம் போயிற்று. இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். சின்ன எழுத்தையும் படிப்போம்.

ஒரு கடையில் நடந்த பேச்சு

மார்டள்ளியில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் குலுக்கல் நடத்த நினைக்கிறார். மகளிர் சங்கத்து அக்கா ஒருவர் துணி எடுக்க வருகிறார்.

"அக்கா, 500 ரூபாய்க்குத் துணி எடுத்தால் ஒரு சீட்டு. சும்மாவும் 20 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கலாம்."

"குலுக்கல் என்றைக்கு, தம்பி?"

"சீட்டு எல்லாம் தீர்ந்த பிறகு."

"எங்கே குலுக்குவீர்கள்?"

"கடைக்குள்ளேதான்."

"உங்கள் மச்சானுக்கே பைக் விழுந்தால் ஊர் என்ன சொல்லும்?"

கடைக்காரர் யோசித்தார். கூலி வேலைக்குப் போகிறவர் கொடுக்கும் 20 ரூபாய் சின்னப் பணம் இல்லை. அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். அதோடு, சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எது லாட்டரி?

மூன்று அடையாளங்கள் உண்டு.

ஒன்று, சேருவதற்குப் பணம் கொடுக்கிறோம்.
இரண்டு, அதிர்ஷ்டத்தால் ஒருவர் தேர்வாகிறார்.
மூன்று, அவருக்குப் பரிசு கிடைக்கிறது.

மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி. 20 ரூபாய்ச் சீட்டு இந்த வகைதான்.

தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தது. கர்நாடகம் 2007-ல் தடை செய்தது. அரசு அனுமதி இல்லாமல் லாட்டரிக் குலுக்கலுக்கு இடம் வைத்து நடத்துவது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 297-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம். அபராதமும் விதிக்கலாம். அந்த லாட்டரிக்கு விளம்பரம் செய்தால் 5,000 ரூபாய் வரை அபராதம்.

திருவிழாச் செலவுக்காகச் சீட்டு விற்றாலும் இதே கதைதான். நல்ல காரியம் என்பதால் சட்டம் மாறாது. நன்கொடை கேட்கலாம். அதற்கு ரசீது கொடுக்கலாம்.

பொருள் வாங்கினால் சீட்டு என்றால்?

ஹார்லிக்ஸ் பாட்டில்கள் சிலவற்றுக்குள் பரிசுச் சீட்டு வைத்து விற்றார்கள். அதன்மேல் வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் 1998-ல் தீர்ப்புச் சொன்னது. பரிசுக்காக வாங்கியவரிடம் தனியாகப் பணம் வாங்கவில்லை. ஆகவே அது லாட்டரி இல்லை என்றது.

அதனால் எல்லாக் குலுக்கலும் சரி என்று நினைக்கக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. விற்பனையைக் கூட்டக் குலுக்கலோ போட்டியோ நடத்துவதை அது நியாயமற்ற வணிக முறைகளில் சேர்க்கிறது. பரிசுத் திட்டத்தின் முடிவை மறைப்பதையும் சேர்க்கிறது. விலையில் ஏற்றிவிட்டு 'இலவசம்' என்று சொல்வதும் அப்படியே.

இன்னொரு வழக்கைப் பாருங்கள். 2007-ல் ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சி, 'கோன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியோடு ஒரு போட்டி வைத்தது. பதிலை எஸ்.எம்.எஸ்.-இல் அனுப்ப வேண்டும். ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. பரிசுப் பணம் இந்தக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது என்று புகார் வந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஒரு கோடி ரூபாய் கட்டச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2019-ல் அந்த உத்தரவை ரத்து செய்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? பரிசுப் பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி எப்போது வேண்டுமானாலும் வரும். கணக்கு எழுதி வைக்க வேண்டும்.

விதி எழுதுவோம்

இங்கே விதி என்றால் தலைவிதி இல்லை. நாம் எழுதும் ஒழுங்கு. கடைக்காரரும் அக்காவும் உட்கார்ந்து எழுதினார்கள்.

1. நடத்துபவர்: கடையின் பெயர், முகவரி.
2. சேரக் கட்டணம் இல்லை. துணி வாங்காதவரும் பெயர் எழுதிப் போடலாம்.
3. தொடங்கும் நாள், முடியும் நாள். இவை மாறாது.
4. 18 வயது நிறைந்தவர் சேரலாம். கடைக்காரர் குடும்பமும் கடையில் வேலை செய்பவர்களும் சேரக் கூடாது.
5. எத்தனை பரிசு? ஒவ்வொன்றின் விலை என்ன?
6. குலுக்கல் நடக்கும் நாள், மணி, இடம். ஊரார் முன்னே நடக்கும்.
7. முடிவைக் கடை வாசலில் ஒட்டுவோம்.
8. பரிசை வாங்கக் கடைசி நாள். வராவிட்டால் அடுத்த பெயர் எடுப்போம்.
9. வரியை யார் கட்டுவது?
10. புகார் இருந்தால் யாரிடம் சொல்வது?

ஒன்பதாவது விதி முக்கியம். பரிசு 10,000 ரூபாய்க்கு மேல் போனால் 30 சதவீதம் வருமான வரி பிடிக்க வேண்டும். ஒரு லட்ச ரூபாய் பணப் பரிசில் 30,000 ரூபாய் வரிக்குப் போகும். பைக் போன்ற பொருள் என்றால், வரி கட்டிய பிறகே கொடுக்க வேண்டும்.

மார்டள்ளி கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே தமிழ் பேசுவோர் நிறைய. எனவே விதியைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுத வேண்டும். மக்கள் படிக்க முடியாத விதி இருந்தும் பயன் இல்லை.

எழுதியதை வக்கீலிடம் காட்ட வேண்டும். சட்டப் பணிகள் குழுவை நீதிமன்றத்தில் விசாரிக்கலாம். பெண்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு.

கடைசியில் கடைக்காரர் கணக்குப் போட்டார். "அக்கா, பைக்கை ஒருவருக்குக் கொடுப்பதற்குப் பதில், எல்லோருக்கும் விலையைக் குறைத்தால் என்ன?"

"அதுதான் நல்லது, தம்பி. சீட்டும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்."

ஏமாறாமல் இருப்போம்

"25 லட்சம் விழுந்திருக்கிறது. முதலில் வரிப் பணம் அனுப்புங்கள்" என்று போன் வரும். நாம் சேராத குலுக்கலில் நமக்குப் பரிசு விழாது. பணப் பரிசில் வரியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். முன்பணம் கேட்டால் மோசடி. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள். கடை மேல் புகார் என்றால் 1915.

பயிற்சி

1. லாட்டரியின் மூன்று அடையாளங்களை எழுதுங்கள்.
2. உங்கள் ஊரில் ஒட்டிய ஒரு பரிசு விளம்பரத்தைப் படியுங்கள். மேலே உள்ள பத்து விதிகளில் எவை அதில் இல்லை?
3. 50,000 ரூபாய் பணப் பரிசு விழுந்தால், வரி போகக் கைக்கு எவ்வளவு வரும்?