பாட்டி சொன்ன கதையும் கைப்பேசியும்

ஆம்பூர் என்றால் இன்று தோலும் பிரியாணியும் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு அண்மையில், மலையாம்பட்டுச் சிற்றூரை அடுத்த ஆர்மாமலையில் கி.பி. 8ஆம் நூற்றாண்டுச் சமணக் குகைப்பள்ளி ஒன்று இருப்பதை நம் சிறார்களில் எத்தனை பேர் அறிவர்? உள்ளே சுடாத செங்கல்லால் எழுப்பிய அறைகள். மேலே சித்தன்னவாசலை ஒத்த ஓவியங்கள். தாமரையும் எண்திசைக் காவலரும் சிதைந்த வண்ணத் திட்டுகளாக எஞ்சியுள்ளனர். காட்பாடி வட்டத்து வள்ளிமலையிலோ கங்க மன்னன் இராசமல்லன் அமைத்த பள்ளியைக் கல்வெட்டே கூறுகிறது. ஆயினும் மக்கள் அறிந்தது வள்ளி பிறந்த கதையைத்தான். அதில் பிழையில்லை, அவர்கள் தம் கதையை இடையறாது சொல்லி வந்தார்கள். நாம் சொல்லவில்லை.

சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டில் விளங்காத சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டே தெளிந்தார். ஏடு கையில் இருந்தது. பொருளோ அவர்கள் நாவில் இருந்தது. அத்தகைய நாவுடையோர் இன்றும் நம் இல்லங்களில் உள்ளனர். பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்டமையால் கேட்பார்தாம் இல்லை.

1990களில் அமெரிக்காவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலியோர் 'டிஜிட்டல் கதைசொல்லல்' என்னும் பயிற்சியை வகுத்தனர். சொல்பவர் தம் குரலிலேயே, தம் வீட்டுப் படங்களைக் கொண்டு, இரண்டு மூன்று நிமிடக் கதையைக் கணினியில் அமைப்பதே அம்முறை. தமிழிலும், 2001இல் தோன்றிய தமிழ் மரபு அறக்கட்டளை சுவடிகளோடு வாய்மொழிச் செய்திகளையும் மின்பதிவாக்கி வருகிறது. நமக்கோ ஒரு கைப்பேசி போதும்.

விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகளுக்கு இதனைப் பாடமாகவே கொடுக்கலாம். முதலில் பாட்டியின் இசைவைப் பெறுக. மின்விசிறியை நிறுத்துக. பெயர், ஊர், நாள் மூன்றையும் தொடக்கத்தில் சொல்லிவிடுக. "ஆதிபகவனுக்குக் கரும்புச் சாறு கொடுத்த அட்சய திருதியை அன்னைக்கு, உங்க ஊர் ஜினாலயத்துல என்ன செய்வீங்க, பாட்டி?" என ஒரே ஒரு வினா போதும். "இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று அவர் நாணுவார், பொறுத்திருங்கள். இடைமறிக்காதீர்கள். அவர்தம் வட்டார வழக்கைத் திருத்தவே கூடாது. ஆசிரியப் பழக்கம் உடைய என்போன்றோர்க்கு இதுவே கடினம். திரைப்பட இசையும் சேர்க்க வேண்டா. அவர் கூற்று கல்வெட்டோடு முரண்படின், கூற்றை அப்படியே விட்டுக் கல்வெட்டுச் செய்தியைப் படத்தின் கீழ் தனியே எழுதுக.

கைப்பேசி தொலைந்தால் கதையும் தொலையும். ஆதலின் ஒரு படி வீட்டுக் கணினியிலும், ஒன்று உறவினரிடத்தும், மற்றொன்று ஊர் ஜினாலயத்துப் பொறுப்பாளரிடமும் இருக்கட்டும்.